கீழிருந்து நாலு, மேலிருந்து ஒன்பது

நான் செய்த வேலைகளில் பாதிக்கு மேல் ஏதாவது ஒன்றுக்குள் இறங்குகிற வேலைதான். குமுளியில் ஏலக்காய் உலர்த்தும் அறைக்குள் நுழைந்து புகைக்குழாயைச் சுரண்டியிருக்கிறேன். ஒரு தோட்டத்தில் மருந்து கலக்கும் தொட்டிக்குள் நின்று அடிமண்டியை வாளியில் அள்ளினேன். அன்று இரவு முழுக்க வாந்தி, மறுநாள் வேலைக்குப் போனேன். வடகரப்பதிப் பக்கம் ஒரு கிணற்றில் மோட்டாரைக் கழற்ற, இடுப்பில் கயிறு கட்டி என்னை இறக்கினார்கள். மலையில் "எறங்குடா" என்பார்கள். வடகரப்பதியில் மரியாதை கூட, "எறங்குங்க தம்பி" என்றார்கள். இருட்டு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று என்னை இறக்கியவர்கள் முதலில் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. பார்க்கச் சொல்லவேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

பிறந்தது சின்னக்கானல் லயத்தில், தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீடுகளில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அம்மா கொழுந்து கிள்ளிய வரைக்கும் வீடு எங்களுடையது. அம்மா போனதும் எஸ்டேட் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதன்பிறகு நான் ஒரே ஊரில் ஒரு வருஷம் தங்கினது கிடையாது. பஸ் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம். குமுளி, கம்பம், கஞ்சிக்கோடு, மறுபடி மலை.

சில வருஷங்களுக்கு முன்னால், மாசி மாசம் என்று நினைக்கிறேன், குமுளி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் தோளில் தட்டினார். எங்கள் லயத்தில் இரண்டு வீடு தள்ளி இருந்தவர். என் சின்ன வயதில் மாதா கோயிலில் முன்னால் நின்று பாட்டு எடுத்துக்கொடுப்பார். இப்போது பெயிண்ட் மேஸ்திரி.

"என்னடா, இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கியா?"

"ஆமாண்ணே."

"கல்யாணம்?"

"இல்லண்ணே."

"அப்ப வா. பைப்புக்குப் பெயிண்ட் அடிக்கணும்."

"எவ்வளவு பெரிய பைப்பு?"

"நம்ம லயத்து வீட்டை உள்ள வெச்சு உருட்டலாம்."

கிண்டல் என்று நினைத்தேன். ஜீப் வளைவில் திரும்பி, மூடுபனி கொஞ்சம் விலகியபோதுதான் பார்த்தேன். மலையின் உச்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கட்டிடம். அதுதான் வால்வு ஹவுஸ். அங்கேயிருந்து ஒரு இரும்புக் குழாய் புறப்பட்டு, காட்டையும் பாறையையும் இரண்டாகப் பிளந்தமாதிரி நேராக அடிவாரத்துக்கு வருகிறது. அடிவாரத்தில் கரண்ட் எடுக்கும் பவர் ஹவுஸ். மேலே அணைத் தண்ணீர் வால்வுக்குப் பின்னால் நிற்கிறது, வால்வைத் திறந்தால் மலையின் உயரம் முழுக்க அது இந்தக் குழாய்க்குள் விழும். அப்போது பராமரிப்புக்காக மூடி, குழாயைக் காலி செய்து வைத்திருந்தார்கள். நான் ஜீப்பை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தபடியே நின்றேன். மேஸ்திரி என் பையை எடுத்து என் கையில் திணித்தார். "எல்லாரும் முதல் நாள் இப்படித்தான் நின்னாங்க. வா, கஞ்சி ஆறிப்போகும்" என்றார்.

குழாயைப் பிடித்து நிறுத்த வழியில் பன்னிரண்டு கான்கிரீட் கட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு வீடு அளவு. ஒவ்வொரு கட்டைக்குப் பக்கத்திலும் குழாயில் ஒரு வட்ட மூடி உண்டு, ஆள் உள்ளே போகிற அளவு, சுற்றிலும் போல்ட்டு. கட்டையிலும் மூடியிலும் மஞ்சள் வட்டத்துக்குள் கறுப்பில் நம்பர் எழுதியிருந்தது. அந்த நம்பரைப் பற்றி யாரும் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்குக் கொடுத்த வேலை குழாயின் வெளிப்பக்கத்தைச் சுரண்டிச் சாம்பல் நிறம் அடிப்பது. நாங்கள் கட்டையையும் சேர்த்துச் சுத்தமாக அடித்தோம். மஞ்சள் வட்டம் தெரியாமல் இரண்டு கோட்டு.

தினமும் காலையில் வேலை தொடங்குவதற்கு ஒரு பெர்மிட் வேண்டும். அதில் கையெழுத்துப் போடுகிறவர் ஒரு பெண். பாதுகாப்பு எஞ்சினியர். முப்பது வயதுக்குள் இருக்கும். வடகரப்பதிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம் என்று பேச்சிலேயே தெரிந்தது. எங்களைப் போன்ற ஆட்களிடம் "ங்க" போட்டுப் பேசிய முதல் ஆபீசர் அவர்தான். ஆனால் அந்த "ங்க"வில் எதுவும் இளகாது.

"ஏனுங்க, இந்தப் பெல்ட்டோட தையலப் பாத்தீங்களா?"

"பாத்தோம் மேடம்."

"எங்கீங்க பாத்தீங்க? இங்க நூலு விட்டிருக்குதுங்களே."

பெல்ட்டை வாங்கி ஒதுக்கி வைத்துவிடுவார். வேறு பெல்ட் வரும்வரை அந்த ஆள் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். கயிறு கட்டிய ஆணியை அவரே பிடித்து இழுத்துப் பார்ப்பார். காலையில் சாப்பிட்டீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். தலை சுற்றல் உண்டா, ராத்திரி தூங்கினீர்களா என்பார். மேஸ்திரி முணுமுணுப்பார்: "பொண்ணு பாக்க வந்த வீட்டுல கூட இவ்வளவு கேக்க மாட்டாங்க."

முதல் நாள் என்னிடம் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. "உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாருக்குங்க போன் பண்ணணும்?"

"யாருக்கும் வேண்டாம் மேடம்."

"அப்படி எழுத முடியாதுங்க. ஒருத்தர் வேணுமுங்க."

யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. எங்கள் கூட்டத்தில் சிரித்தார்கள். பின்னாலிருந்து மேஸ்திரி சலிப்போடு, "என் நம்பரை எழுதுங்க மேடம், இவனோட நிக்க முடியாது, வெயில் ஏறிப்போச்சு" என்றார். அவர் அதை உடனே மறந்திருப்பார்.

அது தவக்காலம். எங்கள் கூட்டத்தில் ஆறு பேர், எல்லாரும் எஸ்டேட் லயங்களைச் சேர்ந்த வேதக்காரர்கள். காலையில் பவர் ஹவுஸில் இருந்து சாமான்களைத் தூக்கிக்கொண்டு குழாயை ஒட்டிய படிக்கட்டில் ஏறவேண்டும். முதல் வாரமே மேஸ்திரி ஒரு வழக்கம் பிடித்தார். ஒவ்வொரு கான்கிரீட் கட்டை வரும்போதும் நின்று, சிலுவை போட்டு, ஆண்டவர் சிலுவை சுமந்த சிலுவைப்பாதையின் ஒரு ஸ்தலத்தைச் சொல்வார். மூச்சு வாங்கவும் ஒரு சாக்கு. சிலுவைப்பாதைக்கு ஸ்தலம் பதினாலு, கட்டை பன்னிரண்டுதான். "மீதி ரெண்டையும் அவனவன் வீட்டுல சொல்லிக்கோங்க" என்றார். பன்னிரண்டாம் ஸ்தலத்தில் ஆண்டவர் மரிக்கிறார். அதற்கு மேல் வால்வு ஹவுஸ்.

பத்து நாளில் அந்தக் கட்டைகளுக்கு எங்கள் வாயில் வேறு பெயர் கிடையாது. "ரெண்டாம் ஸ்தலத்துல தின்னர் டப்பாவ வெச்சிருக்கேன்." "ஒன்பதாம் ஸ்தலத்துல கயிறு." நாலாம் ஸ்தலத்தில் ஆண்டவர் தாயைச் சந்திக்கிறார், அங்கே நிழல் இருந்ததால் சாப்பாடு அங்கேதான். "அம்மாகிட்ட போய் சாப்பிடலாம்" என்பார்கள். நானும் சொன்னேன்.

வெளிவேலை முடிந்ததும் உள்ளே பெயிண்ட் அடிக்கிற வேலையை எங்களுக்கே கொடுத்தார்கள். மேஸ்திரிக்கு அதில் பெரிய சந்தோஷம். உள்வேலையை எல்லாருக்கும் கொடுக்கமாட்டார்கள். குழாயின் மேல்பாதியில் உள்ளே துரு சுரண்டி முடித்திருந்தது ஒரு வங்காளக் கூட்டம். சுரண்டிய துருவும் மணலும் கீழே உருண்டுபோகாமல் இருக்க நடுவில் பலகையும் தார்ப்பாயும் வைத்துக் குழாயை அடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குக் கீழே இருக்கும் பாதியை யாரும் இன்னும் தொடவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் மேடம் எங்கள் ஆறு பேரையும் வால்வு ஹவுஸ் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போனார். வால்வுச் சக்கரத்தில் சங்கிலி சுற்றியிருந்தது. ஆளுக்கு ஒரு பூட்டு கொடுத்தார். அவரவர் பூட்டை அவரவர் போட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

"நீங்க உள்ள இருக்கற வரைக்கும் இந்தச் சக்கரத்தை யாராலயும் திருப்ப முடியாதுங்க. என்னாலயும் முடியாதுங்க."

வால்வுக்கு அந்தப் பக்கம் அணை. சுவரில் கையை வைத்தால் ஒரு மெல்லிய அதிர்வு. நான் என் பூட்டை அமுக்கியபோது "டிக்" என்றது. அவ்வளவு பெரிய தண்ணீருக்கு எதிரில் என் பெயரில் ஒரு பூட்டு தொங்கியது. அதுவரை என் பெயரில் ரேஷன் கார்டு கூட இருந்ததில்லை.

மறுநாள் பெர்மிட்டில் எழுதியிருந்த இடம்: நாலாம் நம்பர் மூடி. அங்கே இரவு முழுக்க ஃபேன் வைத்துக் குழாய்க்குள் காற்று அடிக்கச் சொல்லியிருந்தார். காலையில் மலையாளி ஓவர்சியர் மேலேயிருந்து போன் செய்து, நாலில் காற்று சோதித்தாயிற்று, ஒரு பிரச்னையும் இல்லை என்று சொல்லிவிட்டு வால்வு ஹவுஸுக்குப் போய்விட்டார். கீழே ஆபீஸில் நானும் மேஸ்திரியும் மேடத்தின் மேஜைக்கு முன்னால் நின்றோம். மற்ற நாலு பேர் சாமானோடு முன்னாலேயே ஏறிப் போயிருந்தார்கள். கிழக்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது.

"மேடம், மழை வர்ற மாதிரி இருக்கு. ஓவர்சியர் சார்தான் நாலு ஓகேன்னு சொல்லிட்டார்ல. ஒரு கையெழுத்து போட்டா பசங்க ஆரம்பிச்சிருவானுங்க."

"போட்டர்லாமுங்க மேஸ்திரியண்ணா. ஒருக்கா போயி பாத்துட்டுப் போட்டர்றனுங்க."

"நீங்க ஏறி எறங்கறதுக்குள்ள மதியம் ஆயிரும் மேடம்."

"எறங்க வேண்டாமுங்க. மேலயே போட்டுக் குடுத்தர்றன். பேனா இருக்குதுங்க."

கனமான சாமான் ஏற்றும் வின்ச் வண்டி தண்டவாளத்தில் நின்றிருந்தது. அதில் போகலாமே என்றார் மேஸ்திரி. வண்டியில் போனால் எதையும் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு மேடம் பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்தார். மேஸ்திரி என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். "இந்தப் புள்ளைக்கு நம்பிக்கையே கிடையாது. வா, அது வர்றதுக்குள்ள ரெடியா இருப்போம்."

நாலாம் ஸ்தலத்தில் எங்கள் ஆட்கள் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி, மூடியைத் தள்ளி வைத்திருந்தார்கள். ஃபேன் எதுவும் இல்லை.

"ஃபேன் எங்கடா?" என்றார் மேஸ்திரி.

"ராத்திரி ஓட்டிட்டு எடுத்திருப்பாங்க. மழைக்குப் பயந்து மூடியையும் போட்டுட்டுப் போயிருக்காங்க" என்றான் ஒருவன். நியாயமாகத்தான் இருந்தது. ஆறு பேரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. போல்ட்டில் நாங்கள் அடித்த பெயிண்ட் உடையாமல் இருந்ததைக் கழற்றியவன் கவனித்தானாம். பிறகுதான் சொன்னான். ராத்திரி திறந்து மூடியிருந்தால் அப்படி இருந்திருக்காது.

முதலில் யார் இறங்குவது என்று பேச்சு வந்தது. வழக்கம்போல் என்னைக் காட்டினார்கள். "இவன்தான் ஒல்லி. பின்னால நின்னு அழுறதுக்கும் ஆள் இல்ல." எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. மேஸ்திரி என் இடுப்பில் கயிற்றைக் கட்டினார்.

"மேடம் வராம உள்ள போனா திட்டும்ணே" என்றேன்.

"வேலைக்குத்தாண்டா பெர்மிட். லைட் மாட்டறது வேலையா? ஏணியில எறங்கி லைட்ட மாட்டிட்டு வந்துரு."

நான் ஓட்டையின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே விட்டேன். ஏறி வந்த உடம்பு; காலுக்குக் குளுமையாக இருந்தது. உள்ளே குனிந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். லைட்டின் ஒயர் எங்கோ சிக்கிக்கொண்டது. பின்னால் ஒருவன் அதை விடுவித்துக்கொண்டிருந்தான். அந்த ஒயருக்காகக் காத்திருந்தேன்.

"அந்தக் காலை மேல எடுங்க தம்பி."

மேடம் படியில் நின்றுகொண்டிருந்தார். முகம் சிவந்து மூச்சு வாங்கியது. குரலை உயர்த்தவில்லை. நான் காலை எடுத்தேன்.

"இங்க என்னுங்க பண்றீங்க?"

"நாலு மேடம். நீங்க சொன்ன நாலு" என்றார் மேஸ்திரி.

மேடம் மேலே பார்த்தார். குழாய் மூடுபனிக்குள் போய் மறைந்தது. கீழே பார்த்தார். கட்டையின் அருகில் போய், எங்கள் சாம்பல் பெயிண்டின் மேல் நகத்தால் சுரண்டினார். கொஞ்சம் மஞ்சள் தெரிந்தது.

"இது ஒம்பதுங்க."

"நாலு மேடம். தெனமும் வேண்டிக்கிட்டு ஏறுறோம். எங்களுக்கு இது தப்பாது."

"எங்கிருந்துங்க எண்ணறீங்க?"

"கீழ இருந்துதான். ஏறுறவன் கீழ இருந்துதானே மேடம் எண்ணுவான்."

"தண்ணி மேல இருந்து வருதுங்கண்ணா" என்றார் அவர்.

மேஸ்திரியின் உதடுகள் அசைந்தன. ஸ்தலங்களைத் திருப்பி எண்ணிப் பார்க்கிறார் என்று புரிந்தது.

மேடம் பையிலிருந்து கைக்கு அடக்கமான மஞ்சள் கருவி ஒன்றை எடுத்தார். அதை ஒரு கயிற்றில் கட்டி, ஓட்டைக்குள் மெதுவாக இறக்கினார். என் கால் இருந்த இடத்தைத் தாண்டி, என் தலை இருக்கப் போகிற இடத்துக்கு அது போயிருக்கும். கத்த ஆரம்பித்தது. குழாய்க்குள்ளிருந்து அந்தச் சத்தம் மலை முழுக்க ஓடி, எங்கேயோ மோதித் திரும்பி வந்து இன்னொரு தடவை கத்தியது. அவர் கருவியை மேலே இழுத்து, அதில் இருந்த எண்ணை எங்களுக்குக் காட்டினார். எனக்கு அந்த எண் புரியவில்லை. அவர் முகம் புரிந்தது.

"உள்ள ஆக்சிஜன் இல்லீங்க. மூடி வெச்ச ஈர இரும்பு. துரு புடிக்கப் புடிக்க அது எடுத்துக்கும். அடியில எல அழுகி அதுவும் எடுத்துக்கும். மேல அடிச்ச காத்து அந்தத் தார்ப்பாயத் தாண்டி வராதுங்க."

"வாசனையே இல்லியே மேடம்" என்றேன் நான்.

"வாசம் இருந்தா நல்லா இருந்திருக்குமுங்க. நாமளே ஓடியிருப்போம்."

ஒயரை விடுவித்துக்கொண்டிருந்தவன் விடவில்லை. "லைட் மாட்ட ரெண்டு நிமிஷம்தானே மேடம். மூச்சு முட்டினா வெளிய வந்துருவான்."

"முட்டாதுங்க. முட்டுனாத்தான் தெரியுமே. ரெண்டு மூச்சு, அப்பறம் கால் மடங்கிக்கும். இவரு விழுந்துட்டாருன்னு நீங்க குதிப்பீங்க. உங்களை எடுக்க இவரு. அப்பறம் மேஸ்திரியண்ணா."

ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்ன வரிசை சரிதான். நாங்கள் அப்படித்தான் குதித்திருப்போம். பின்னால் அழ ஆளில்லை என்று கேலி செய்த அந்த ஒயர்க்காரன்தான் முதலில் குதித்திருப்பான் என்று எனக்குத் தெரியும்.

நான் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீருக்குப் பயந்துதான் அத்தனை பூட்டுப் போட்டோம். தண்ணீர் அங்கே இல்லை. ஒன்றுமே இல்லை. நாங்கள் சோறு தின்று, படுத்து, சிரித்த நிழலுக்குக் கைநீளத் தூரத்தில், பெயிண்ட் அடித்த இரும்புக்கு அந்தப் பக்கம் அந்த ஒன்றுமில்லாதது நிரம்பி நின்றுகொண்டிருந்திருக்கிறது. பயம் என்று சொல்லமுடியாது. பெரிய மாதா கோயிலுக்குள் முதல்தடவை நுழைந்தபோது இப்படித்தான் வாயடைத்து நின்றேன்.

மேஸ்திரி படியில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் மேடம் கயிறு கட்டினேன்" என்றார். மேடம் திட்டுவார் என்று எதிர்பார்த்தோம்.

"இந்த நம்பர் அழிஞ்சத நானும் பாக்கலீங்க" என்றார் மேடம். "தெனமும் இந்த வழியாத்தான் போறன். கயிறு பாத்தன், பெல்ட்டு பாத்தன். இதப் பாக்கலீங்க." பெர்மிட்டைக் கையெழுத்துப் போடாமல் மடித்துப் பையில் வைத்தார்.

"மேல நாலுக்குப் போகலாமா மேடம்?" என்றான் ஒருவன்.

"இன்னைக்கு வேண்டாமுங்க. மூடியப் போட்டுட்டு ஊட்டுக்குப் போங்க."

நாங்கள் போல்ட்டுகளை முடுக்கினோம். அவர் கீழே வரவில்லை. ஃபேனும் காற்றும் எப்படி இருக்கிறது என்று பார்க்க, அன்று யாரும் போகப்போகாத மேலே இருக்கும் அந்த நாலாம் நம்பருக்கு ஏறிப் போனார். மழை பிடித்துக்கொண்டது. பவர் ஹவுஸ் தாழ்வாரத்தில் நின்று பார்த்தோம். சாம்பல் குழாயை ஒட்டி, மஞ்சள் மழைக்கோட்டு ஒரு புள்ளியாக ஏறிக்கொண்டே போனது. அம்மாவைத் தவிர வேறு யாரும், நான் இருக்கப்போகிற இடம் எப்படி இருக்கிறது என்று முன்னால் போய்ப் பார்த்ததில்லை. அம்மா கூட கட்டிலுக்கடியில் அட்டைப்பூச்சி இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள்.

மறுநாள் எங்களுக்குக் கிடைத்த வேலை நம்பர் எழுதுவது. மேலிருந்து தொடங்கி, மஞ்சள் வட்டம், கறுப்பு எண். எங்கள் நாலாம் ஸ்தலத்துக்கு வந்தபோது மேஸ்திரி பிரஷ்ஷைப் பிடித்தபடி தயங்கினார்.

"மேடம், ஒம்பது எழுதிட்டு ஓரத்துல சின்னதா ஒரு சிலுவையும் நாலும் போட்டுக்கலாமா?"

"வேண்டாமுங்கண்ணா. ஒரு எடத்துக்கு ஒரே நம்பருதானுங்க."

மேஸ்திரியின் முகம் வாடியதைப் பார்த்து, "நீங்க வேண்டிக்கறத வேண்டாங்கலீங்க" என்றும் சொன்னார்.

பன்னிரண்டு வரைக்கும் எழுதி முடித்த பிறகு, மேலே விட்டுவந்த சாமானை எடுக்கச் சாயங்காலம் மறுபடி ஏறினோம். சாமானைக் கட்டி இறங்கக் கிளம்பியபோது, மேஸ்திரி ஒன்றாம் நம்பர் கட்டையில் நின்று சிலுவை போட்டார். "முதலாம் ஸ்தலம்" என்றார்.

"அண்ணே, ஏறும்போதுதானே சொல்லணும்? ஆண்டவர் ஏறித்தானே போனார்?" என்றேன்.

"ஆண்டவர் ஏறினார். நாம எறங்குவோம். எத்தனை பேர் எறங்குறோம்னு எண்ணவும் அப்பதாண்டா வசதி."

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். காலையில் பேசாமல் ஏறுவோம். சாயங்காலம் ஒவ்வொரு கட்டையிலும் நின்று இறங்குவோம். எங்கள் எண்ணும் ஆபீஸ் எண்ணும் ஒன்றாகிவிட்டன. ஒவ்வொரு ஸ்தலத்திலும் மேஸ்திரி திரும்பிப் பார்த்து, கண்ணாலேயே தலைகளை எண்ணுவார். நான்தான் எப்போதும் கடைசி. என் தலை தெரிந்த பிறகுதான் அடுத்த படியில் கால் வைப்பார்.

மேல்பாதி முடிந்து, தார்ப்பாயை எடுத்து, கீழ்ப்பாதிக்கு வர மூன்று வாரம் ஆனது. அங்கே துரு சுரண்டுவதும் எங்கள் வேலைதான். ஒன்பதாம் நம்பர் மூடியில் இரண்டு நாள் ஃபேன் ஓடியது. மேடம் கருவியை இறக்கினார், இழுத்தார், இன்னொரு நீளத்துக்கு இறக்கினார். அது ஒரு தடவையும் கத்தவில்லை. மூடியின் விளிம்பில் பெர்மிட்டை வைத்துக் கையெழுத்துப் போட்டார். கருவியை என் சட்டையில் மாட்டிவிட்டு, "எறங்குங்க தம்பி" என்றார். என் காதில் ஆயிரம் தடவை விழுந்த சொல்தான்.

ஏணியில் இறங்கினேன். அடியில் நின்று முதல் மூச்சை எடுக்கும்போது கொஞ்சம் தயங்கினேன். எடுத்தேன். துரு வாசனை, ஈர வாசனை, ஃபேனிலிருந்து டீசல் வாசனை. இவ்வளவு நல்ல காற்றை நான் மலையில் எங்கும் இழுத்ததில்லை. மேலும் கீழும் இருட்டுக் குழாய். "அண்ணே" என்று கூப்பிட்டேன். குரல் மலை ஏறிப் போய், நான் அதை மறந்த பிறகு திரும்பி வந்தது. மேலே வட்ட வெளிச்சத்தில் மேஸ்திரியின் முகம். "என்னடா?" என்றார். "ஒண்ணுமில்லண்ணே" என்றேன்.

வேலை முடிந்த அன்று ஆறு பேரும் வால்வு ஹவுஸுக்கு ஏறி, அவரவர் பூட்டை அவரவர் திறந்தோம். கடைசிப் பூட்டு என்னுடையது. மேடம் அதைக் கையில் வாங்கிய பிறகுதான் ஓவர்சியர் சங்கிலியை அவிழ்த்தார். தண்ணீரை ஒரேயடியாக விடமாட்டார்கள். சின்ன வழியாக, மெதுவாக. நாங்கள் இறங்கிக்கொண்டே ஒன்பதில் நின்றோம். தண்ணீர் அடியில் சேர்ந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. வெயிலில் சுட்டுக்கிடந்த குழாயில் ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்குக் கீழே இரும்பு வியர்த்து நனைந்திருந்தது, மேலே காய்ந்திருந்தது. அந்த ஈரக்கோடு படிப்படியாக ஏறி வந்தது. மூடியின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தேன். முதலில் சூடு. பிறகு ஜில்லென்றது. நான் நின்று பெயிண்ட் அடித்த இடம் தண்ணீருக்குள் போனது. கோடு என் தோளைத் தாண்டி, எட்டாம் நம்பரைப் பார்த்து ஏறியது.

"எல்லாரும் இருக்கீங்களாடா?" என்றார் மேஸ்திரி.

"இருக்கோம்ணே" என்றேன் கடைசியிலிருந்து. பிறகு அவர் அடுத்த படியில் கால் வைத்தார்.